வாளிக் கணக்கு: உப்புவெளி வளவொன்றில் இரண்டு தடவை போட்ட வீட்டுத்தோட்டம்

இது 2022 ஜூன் தொடங்கி 2023 செப்டெம்பர் வரை எங்கள் வளவில் நடந்த விஷயம். இலங்கையில் திருகோணமலை நகருக்குக் கிட்ட இருக்கிற உப்புவெளியில் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் 20 பேர்ச் காணி (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு), நடுவில் வீடு, பின்பக்கம் கிணறு, நாலு தென்னை, ஒரு வேம்பு, ஒரு முருங்கை. அதே மண்ணில், அதே கிணற்றுத் தண்ணீரில், அதே ஆட்கள் இரண்டு தடவை தோட்டம் போட்டோம். முதல் தடவை ஏழு கிழமைக்குள் எல்லாம் கருகிப் போனது. இரண்டாம் தடவை மாசியிலிருந்து ஆனி வரை வீட்டுக் கறிக்குப் பெரும்பாலும் வளவிலிருந்தே வந்தது. இரண்டுக்கும் நடுவில் பெரிதாக மாறியவை தொடங்கிய மாதமும் தோட்டத்தின் அளவும்தான், மற்றதெல்லாம் அந்த இரண்டின் பின்னால் வந்தவை. திருகோணமலைக் கரையோரம் இருக்கிற யாராவது மண்வெட்டியை எடுக்க முன்னம் இதை வாசித்தால் ஒரு பருவம் மிச்சமாகும் என்று நினைத்து விலாவாரியாக எழுதுகிறேன்.

முதல் தடவை, ஜூன் 2022

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதன் பாதிப்பும் சேர்ந்து சந்தையில் மரக்கறி விலை ஏறி நின்றது. ஜூன் மாதம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நானும் அரச ஊழியன்தான், முதல் வெள்ளியே தொடங்கிவிட்டேன்.

கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை 40 அடி நீளம், 20 அடி அகலம் கொத்தினோம். வீடியோக்களில் பார்த்தபடி மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டினோம். கத்தரி, தக்காளி, மிளகாய் கன்றுகளை வாங்கி நட்டு, வெண்டி, பயற்றை, கீரை, மல்லி எல்லாவற்றையும் ஒரே கிழமையில் விதைத்து, வேலி ஓரமாகப் புதினாவும் வைத்தோம். நான் பார்த்த வீடியோக்களில் பாதி குளிர்நாட்டவை. பனி உருகி வசந்தம் வந்ததும் தொடங்கு என்பார்கள். மற்றப் பாதி தமிழ்நாட்டவை, அங்கே 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. இரண்டும் அந்தந்த ஊருக்குச் சரி. எங்கள் ஊருக்கு வசந்தமும் கிடையாது, ஆடிப் பட்டமும் கிடையாது. எங்களுக்கு இளவேனில் என்று பஞ்சாங்கம் சொல்கிற சித்திரையும் வைகாசியும் வெயில் ஏறுகிற காலம், ஆடி, கச்சான் என்று நாங்கள் சொல்கிற வறண்ட தென்மேற்குக் காற்று உச்சத்தில் நிற்கிற மாதம்.

கன்று நட்ட மூன்றாம் நாள் நிலாவெளியில் இருந்து பெரியம்மா வந்தா. அவ வெங்காயத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவ. பாத்தியைச் சுற்றி ஒருக்கா நடந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஆரப்பா உங்களுக்கு இப்ப நடச் சொன்னது? இன்னும் கச்சான் ஒழுங்கா எழும்பவே இல்லை" என்றா. "தண்ணி விட்டாச் சமாளிக்கலாம்தானே, பெரியம்மா" என்று நான் சொன்னதற்கு அவ பதில் சொல்லவில்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தா.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீரை விதையில் கால்வாசி முளைத்தது, முளைத்ததும் நண்பகலில் சுருண்டது. மல்லி முளைத்து நாலு இலை விட்டு, இலையைப் பெருக்காமல் நேரே பூத்தண்டை அனுப்பிவிட்டது. தக்காளி பூத்தது, பூ எல்லாம் காம்போடு உதிர்ந்தது. மிளகாய் இலைகள் படகு மாதிரிக் குவிந்து சுருண்டன. ஓகஸ்ட் முதல் கிழமை பார்த்தால் பயற்றை இலைகளின் ஓரம் சுற்றிவர நெருப்புப் பட்டதுபோலக் காய்ந்து, நடு மட்டும் பச்சையாக இருந்தது. அந்த இலையை நான் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தேன். வெயில் சுட்டால் இலை முழுக்க வாடும். இது ஓரம் மட்டும், கோடு கிழித்ததுபோல. பெரியம்மாவிடம் காட்டினேன். அவ இலையைப் பார்க்க முன்னம், "இண்டைக்குக் காலம தேத்தண்ணி எப்பிடி இருந்தது?" என்று கேட்டா. அன்றைக்குத்தான் கவனித்தேன், இரண்டு கிழமையாக எங்கள் வீட்டு வெறுந்தேத்தண்ணி கரித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி ஆனது

திருகோணமலையின் மழைக்கணக்கை முதலில் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் பெய்கிறது. கேட்டால் தாராளமாகத் தெரியும், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் வாடைக்காற்று மழையாகக் கொட்டி முடிந்துவிடும். நவம்பர், டிசெம்பர் இரண்டிலும்தான் உச்சம். பெப்ரவரியிலிருந்து இறங்கிக்கொண்டே போய் ஜூன் மாதம் அடிமட்டத்தில் நிற்கும். நான் தொடங்கியது அந்த ஜூனில்.

மழை இல்லாதது ஒரு பக்கம், காற்று மறு பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். வைகாசியில் எழும்பினால் ஆவணி கடைசி வரை விடாது. காயப்போட்ட சாரம் அரைமணித்தியாலத்தில் மொரமொரவென்று ஆகிற காற்று, இலையை மட்டும் விடுமா? வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை இழக்கிற வேகம் கூடும்போது, மண்ணில் தண்ணீர் நின்றாலும் செடி வாடும். அதனால்தான் மத்தியானம் வாடிய செடிக்கு நான் வாளி வாளியாக ஊற்றியும் பலனில்லாமல் போனது.

அப்புறம் மேட்டுப்பாத்தி. களிமண்ணுள்ள, மழை நிற்கிற ஊரில் அது வேரைக் காப்பாற்றும். உப்புவெளிக் கடற்கரை மணலில், கோடைக் காற்றில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி மணலை உயர்த்தி வைத்தால் அது தண்ணீரை வைத்திருக்கவே வைத்திருக்காது.

கடைசியாகக் கிணறு. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையோரத்தில் புதிதாகக் குடியேறுகிற பலருக்கு இது தெரிவதில்லை. எங்கள் மணலுக்குக் கீழே இருப்பது ஆறோ ஊற்றோ கிடையாது. மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது, அதனால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. பொதுவான கணக்கு என்னவென்றால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால் பயம் வரும்: மேல்மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் 40 அடி வரை மேலே ஏற இடம் கிடைக்கிறது. மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால், அந்த இடத்தில் மட்டும் உப்புநீர் கூம்பு மாதிரி மேலே இழுபட்டு வரும். நான் 2022 ஜூலை முழுக்கக் காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மோட்டர் ஓடவிட்டேன். செடிக்குத் தண்ணீர் என்று நினைத்து உப்பைத்தான் ஊற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது.

பெரியம்மாவின் கேள்வி

அந்த வருட ஐப்பசியில், முதல் மழை விழுந்து மணல் நனைந்திருந்த ஒரு பின்னேரம், மறுபடி தொடங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை பாத்தி போடலாம் என்று நான் கேட்டேன். "பாத்தியைப் பிறகு பாப்பம். ஆனி ஆடியில, கச்சானுக்குள்ள, மோட்டர் இல்லாம, கையால எத்தினை வாளி அள்ளுவீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ தம்பி" என்றா பெரியம்மா. யோசித்துப் பார்த்தேன். வேலைக்குப் போக முன்னம் ஐந்து, வந்து ஐந்து. பத்து வாளி. "அப்ப அதுதான் உங்கட தோட்டம்" என்றா.

இந்த ஒரு கேள்விதான் முழுவதையும் மாற்றியது. பிறகு நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் அது சரியாக 1 லீற்றர். எங்கள் ஊர்க் கோடையில் நன்றாக வளர்ந்த மரக்கறிப் பாத்தி ஒரு நாளைக்கு 6 மில்லிமீற்றர் அளவில் இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடைய முதல் தோட்டம் 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீற்றர். ஒரு நாளைக்கு 440 லீற்றருக்கு மேல் வேண்டும். 10 லீற்றர் வாளியில் 44 வாளி, மணலில் வீணாக இறங்குவதைச் சேர்க்காமல். ஒரு மனிதன் வேலைக்கும் போய்வந்து கையால் அள்ளக்கூடிய அளவே இல்லை, அதனால்தான் மோட்டரிடம் போனேன், அதனால்தான் உப்பு வந்தது. பத்து வாளி என்றால் 100 லீற்றர், ஆறால் பிரித்தால் பதினாறு சதுர மீற்றர் சொச்சம். 10 அடிக்கு 4 அடியாக நாலு பாத்தி. அவ்வளவுதான். பழைய தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டாம் தடவை: பின்னாலிருந்து எண்ணியது

தொடங்கும் நாளைத் தைப்பொங்கல் முடிந்த கிழமை என்று வைத்துக்கொண்டோம். பெருமழை அநேகமாக அடங்கியிருக்கும், கிணறு வாய் வரை நிறைந்திருக்கும், தண்ணீர் சர்க்கரை மாதிரி இருக்கும், கச்சானுக்கு இன்னும் நாலு மாதம். வெண்டி விதைத்து ஏறத்தாழ 50 நாளில் காய்க்கும். பயற்றையும் அப்படித்தான். தக்காளி நட்டு இரண்டு, இரண்டரை மாதம். கத்தரியும் மிளகாயும் இரண்டு மூன்று மாதம் எடுத்தாலும், காற்று எழும்ப முன்னம் வேர் ஆழமாகப் போய்விடும். எங்கள் ஊருக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது தையும் மாசியும்தான்.

கன்றுகள் பொங்கலுக்குத் தயாராக வேண்டுமென்றால் நாற்றை மழைக்காலத்திலேயே போட வேண்டும். மிளகாய்க் கன்று நடுகிற பருவத்துக்கு வர ஐந்தாறு கிழமை, கத்தரிக்கு நாலு கிழமை, தக்காளிக்கு மூன்று. அதனால் மிளகாயை டிசெம்பர் 10 அளவிலும், கத்தரியை ஒரு கிழமை கழித்தும், தக்காளியை நத்தாருக்கு அடுத்த நாளும் போட்டோம். தக்காளி 'திலின', கத்தரி 'தின்னவேலி ஊதா', மிளகாய் 'எம்.ஐ. 2'. மூன்றும் விவசாயத் திணைக்களத்தின் இனங்கள், இந்த வெயிலுக்குப் பழகியவை. வெளியே மழை கொட்டுகிற நேரம் என்பதால் நாற்றுத் தட்டுகளை விறாந்தையில் மேசைமேல் வைத்து, மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளுக்குள் நிறுத்தினோம். எறும்பு மிளகாய் விதையைத் தூக்கிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்ததுண்டா? முதல் தட்டில் அரைவாசியை ஒரே இரவில் கொண்டுபோய்விட்டது, அதற்குப் பிறகுதான் சிரட்டை யோசனை.

பாத்தியை இந்தமுறை மேலே உயர்த்தவில்லை, கீழே இறக்கினோம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை வெட்டி எடுத்து, அடியில் தேங்காய் மட்டைகளை உட்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி நெருக்கி அடுக்கினோம். மட்டை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். தென்னந்தோட்டக்காரர் தென்னையின் அடியில் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் இது. அதன்மேல் வேலியில் வெட்டிய கிளிறிசிடியா இலை ஒரு கடகம். பிறகு பாத்திக்கு இரண்டு உரப்பை மக்கிய மாட்டெருவை மணலோடு கலந்து போட்டோம். எரு தம்பலகாமப் பக்கத்து மாட்டுப் பட்டியிலிருந்து லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தில் வந்தது. பச்சை எருவாக இருந்தால் சூட்டில் வேரைச் சுடும், கறையானும் வரும், ஆகவே மணந்து பார்த்து வாங்குங்கள். மாட்டு மணம் போய் மழை விழுந்த மண் மணம் வந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபோது பாத்தியின் மேற்பரப்பு நிலமட்டத்திலிருந்து நாலு விரற்கடை கீழே இருந்தது.

இதில் ஒரு பிழை விட்டோம். தை கடைசியில் ஒரு தாழமுக்கம் வந்து விடாமல் பெய்தது. பள்ளப் பாத்திகள் நாலும் குளமாகிவிட்டன. காலையில் எழும்பிப் பார்க்கும்போது தக்காளிக் கன்றுகளின் தலை மட்டும் தெரிந்தது. வரம்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டும் ஒன்பது கன்று வேர் அழுகிச் செத்தன. பள்ளப் பாத்தி சரியான யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு வாய் வேண்டும். பாத்தியின் பள்ளமான மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு வரம்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும், மாசி பிறந்து மேகம் தெளிந்த பிறகுதான் அடைக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

காற்றுக்கு மேற்குப் பக்கம் பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டினோம். மதில் கட்டலாமே என்று மச்சான் கேட்டார். மதில் காற்றை முழுதாக மறிக்கும், மறித்த காற்று மதிலுக்கு மேலால் ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழுந்து செடியை முறுக்கும். கிடுகு அரைவாசிக் காற்றை விட்டு அரைவாசியைத் தடுக்கிறது, வந்த காற்று களைத்துப்போய் வருகிறது. தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அதன் பலன் இருக்கும் என்பார்கள். எங்கள் கிடுகு 5 அடி, நாலு பாத்தியும் 30 அடிக்குள் அடங்கிவிட்டன.

வேலி விலங்குக்கும் வேண்டும். உப்புவெளியில் ஆடும் கட்டாக்காலி மாடும்தான். ரவுனில் கோட்டை வாசலுக்குக் கிட்ட இருக்கிற சித்தப்பா வீட்டில் மான். பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் கடற்கரை, தெரு, பஸ் நிலையம் என்று திரிகிறவை, விடியப்புறம் வளவுக்குள் தலை நீட்டிப் பயற்றங்கொடியை வேரோடு இழுத்துவிட்டுப் போகும். அவர் இப்போது எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

தண்ணீர் விட்ட விதம்

மோட்டருக்குப் பதிலாக வாளி. விடிய ஐந்தரைக்கு ஐந்து வாளி, பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு ஐந்து. மாசி பங்குனியில் ஆறு ஏழு வாளியே போதும், சித்திரைக்குப் பிறகுதான் பத்து. மணல் ஓர் அடி ஆழத்தில் செடிக்குப் பயன்படுகிற தண்ணீராக மூன்று நாலு நாளுக்கு மேல் வைத்திருக்காது, வேர் சின்னதாக இருக்கும்போது ஒரு நாள்கூடத் தாங்காது, அதனால் ஒரேயடியாகக் கொட்டுவதில் பயனில்லை. இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றினோம். தண்ணீரில் இலேசாக உப்பு இருந்தாலும் இலையில் பட்டுக் காய்ந்தால் அந்த உப்பு இலையிலேயே தங்கிவிடும்.

போதுமா போதாதா என்று பார்க்கச் சுட்டுவிரலை இரண்டாம் மூட்டு வரை மண்ணுக்குள் விட்டு எடுப்போம். விரலில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குப் போதும். சுத்தமாக வந்தால் ஊற்ற வேண்டும். மேலே வைக்கோலும் காய்ந்த தென்னோலைத் துண்டும் மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பிய பிறகு, விரல் சுத்தமாக வருகிற நாட்கள் பாதியாகக் குறைந்தன. செலவில்லாத வேலை, எல்லாவற்றிலும் பெரிய பலன் தந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பாத்தியில் நடந்தவை

முதலில் கீரை. விதைத்து 25ஆம் நாள் முதல் பிடி வெட்டினோம். தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த அந்தக் கீரையைப் பெரியம்மாவுக்கும் கொடுத்தனுப்பினேன். வெண்டியும் பயற்றையும் பங்குனி நடுவில். ஒன்றைவிட்ட ஒருநாள் காய் பறிக்காவிட்டால் வெண்டி முற்றிவிடும், முற்ற விட்டால் செடி அடுத்த பூவைக் குறைத்துவிடும். தக்காளி பிழைத்த கன்றுகளிலிருந்து சித்திரை வருடப்பிறப்புக்குப் பழுத்தது. கத்தரி மெதுவாக வந்து, மற்றதெல்லாம் களைத்த பிறகு ஆனி வரை கொடுத்தது. தின்னவேலிக் கத்தரியில் வைக்கிற பால்கறிக்கு அருகில் வேறு கத்தரி வராது என்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுகம்.

பூச்சிகளில் பயற்றைக்கு அழுக்கணவன். கொடியின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டு இருக்கும், எறும்பு வரிசையாக ஏறினால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே கண்டால் விரலால் நசுக்கி, பிறகு சவர்க்காரத் தண்ணீர் இலேசாகத் தெளித்தாலே அடங்கும். பிந்திவிட்டால் வேப்பங்கொட்டை. எங்கள் வேம்பின் கீழ் விழுந்த கொட்டையைக் காயவைத்து உடைத்து, பருப்பு 50 கிராமை இடித்து 1 லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்துப் பின்னேரத்தில் தெளிப்போம். கத்தரியில் நுனி மட்டும் தலை குனிந்து வாடினால் தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம், உள்ளே புழு துளைத்திருக்கிறது. வாடிய நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி எரிக்க வேண்டும். நிலத்தில் போட்டால் அது திரும்ப ஏறி வரும்.

இலை மஞ்சளாவதையும் பிரித்துப் பார்க்கப் பழகினோம். அடியிலுள்ள பழைய இலை மஞ்சளானால் நைதரசன் குறைவு, கிளிறிசிடியா இலையை ஊறவைத்த தண்ணீரை விட்டால் ஒரு கிழமையில் தெளியும். மேலேயுள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் கட்டுப்பட்டு நிற்கும். அதற்கு எருவைக் கூட்டுவதைத் தவிர உடனடி வழி எதுவும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை.

மூலிகைகளையும் தோட்டத்துக்குள்ளேயே வைத்தது முதல் தடவை செய்த இன்னொரு பிழை. வல்லாரை, பொன்னாங்காணி, ரம்பை மூன்றும் இந்தமுறை கிணற்றடிக்குப் போயின. கை கால் கழுவுகிற தண்ணீரில், தென்னை நிழலில், யாரும் தனியாக ஒரு வாளிகூட ஊற்றாமல் படர்ந்துவிட்டன. சவர்க்காரம் போட்டுக் குளிக்கிற தண்ணீரை மட்டும் வேறு பக்கம் வாழைக்குத் திருப்பிவிட்டோம். புதினாவைக் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குச் சுவர் ஓரம் ஒரு பழைய பேசினில் வைத்தோம். மல்லியை மார்கழியில் விதைத்து மாசிக்குள் பிடுங்கி முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அதனோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. கறிவேப்பிலைக்கு அயல்வீட்டு மரத்தின் வேரில் கிளம்பிய கன்று ஒன்று கிடைத்தது, முதல் வருடம் இலை பறிக்கக் கூடாது என்று அம்மா அதைத் தொடவிடவில்லை.

ஆனி, ஆடி

வைகாசி கடைசியில் கச்சான் எழும்பியது. இந்தமுறை எதிர்த்து நிற்கவில்லை. பயற்றையையும் வெண்டியையும் பிடுங்கினோம். பிடுங்கிய வெண்டி வேரைப் பார்த்தால் மஞ்சாடி விதை கோர்த்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சுப் புழு. மணல் மண்ணில் இது அதிகம், வெண்டி, தக்காளி, கத்தரி மூன்றையும் பிடிக்கும். அதற்கு மருந்து என்னவென்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதுதான் அடிச்சுக்கொண்டு வருதே" என்று மேற்குப் பக்கம் கையைக் காட்டினா. காலியான இரண்டு பாத்தியையும் ஆழமாகக் கொத்திப் புரட்டி, கிழமைக்கு ஒருக்கா திரும்பப் புரட்டி, கச்சானிலும் வெயிலிலும் ஆவணி வரை காயவிட்டோம். புழு ஈரமில்லாமல் வாழாது. செடியைக் கருக்குகிற அதே காற்று பாத்தியைச் சுத்தமாக்கியும் கொடுக்கிறது. நிலாவெளிக்காரர் தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிற விஷயத்தை நான் அந்த ஆடியில்தான் கண்ணால் கண்டேன்.

மிச்சம் இரண்டு பாத்தியில் கத்தரியும் மிளகாயும். ஐந்து வாளி. கிணற்றில் மட்டம் இறங்கியது, ஆனால் தேத்தண்ணி ஆவணி வரை கரிக்கவில்லை. ஆடி கடைசியில் மிளகாய்ச் செடியில் நுனி இலைகள் சுருளத் தொடங்கின, கிடுகுக்குத் தூரமாக நின்ற வரிசையில்தான் முதலில் கண்டது. அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, கிட்ட நின்ற பதினொரு செடியை வைத்துக்கொண்டோம். அதற்கு முன்னம் ஆடிப்பிறப்பன்று வைத்த கறியில் போட்டதும் அந்தச் செடிகளின் மிளகாய்தான்.

நல்ல கத்தரிச் செடி ஒன்றில் இரண்டாவது காய்ப்பில் வந்த பெரிய காயைத் துணி கட்டி விட்டுவைத்திருந்தோம். ஊதா போய்ப் பழுப்பு மஞ்சளாகும் வரை அது செடியிலேயே நின்றது. கலப்பின விதை வாங்கியிருந்தால் இந்த வேலை வீண், அதன் விதை தாயைப்போல வராது. தின்னவேலிக் கத்தரி அப்படியில்லை. ஆவணி கடைசியில் பெரியம்மா வந்து, காயை வெட்டி, தண்ணீருக்குள் பிசைந்து, மிதந்த விதையை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் நிழலில் உலர்த்தினா. விறகடுப்புச் சாம்பலில் பிரட்டி இரண்டு பங்காக்கி, ஒன்றைத் தன் சேலை முந்தானையில் முடிந்துகொண்டா. மற்றது மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலில் குசினித் தட்டில் நிற்கிறது. போத்தலில் ஒட்டிய கடதாசியில் அம்மா எழுதியிருக்கிறா: கார்த்திகை கடைசிக் கிழமை, விறாந்தை மேசை, சிரட்டை மறக்க வேண்டாம்.